பொருள் தெரியாமற் பாடலாமா?

கிதாரும் டிரம்மும் முழங்கப் பாடும் ஒரு 'ராக்' குழுவைப் பற்றி இப்பகுதியில் எழுதப் புகுவது கண்டு, நம் அன்பர்களுள் சிலர் புருவத்தை நெரிக்கக் கூடும். தேவாரப் பண்களையும் மார்கழிக் கச்சேரிகளையும் பற்றி எழுதி வந்தவர்களுக்கு இந்தத் திடீர் மோகம் எங்கிருந்து வந்தது என்று வினவவும் கூடும். மோகம் ஒன்றுமில்லை. நம் சங்கத்தில் சில மாதங்களாக நடந்து வரும் ஒரு வழக்கிற்கு இந்த ராக் குழுவினரின் இசைத்தட்டு ஒன்று சாட்சி சொல்லக் கூடும் என்று நமக்குத் தோன்றியது. அவ்வளவே.

வழக்கு யாதெனில், ஞாயிறு தோறும் நம் சிறுவர் சிறுமியருக்கு நடைபெறும் பாட்டு வகுப்பைப் பற்றியது. இப்பிள்ளைகளில் பெரும்பாலோர் ஔந்திலும் பாணேரிலும் பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டில் தமிழ் காதில் விழும்; வாயில் வருவது பாதி மராத்தி, பாதி இந்தி, மிகுதி ஆங்கிலம். தமிழெழுத்து அறிந்தோர் மிகச் சிலர். ஆதலின் அப்பர் தேவாரமாயினும் ஆண்டாள் பாசுரமாயினும், அதனைத் தேவநாகரியில் எழுதிக் கொண்டு கிளிப்பிள்ளை போல் ஒப்பிக்கின்றனர். 'பொருள் தெரியாமல் பாடுவதால் யாது பயன்? அந்த ஒரு மணி நேரத்தில் எழுத்தைக் கற்பித்தால் பின்னாளில் தாமே படித்துக் கொள்வார்களே. பாட்டு வகுப்பை நிறுத்தி விடுங்கள்' என்பது ஒரு சாரார் கட்சி. 'பாட்டு நாவில் நின்றால் போதும், பொருள் பிறகு வரும்' என்பது மற்றொரு சாரார் கட்சி. இரு கட்சியிலும் அறிவுடையோர் இருக்கின்றனர்; இரு கட்சியிலும் சிறிது கோபமும் இருக்கிறது. இடம் ஒன்று, நேரம் ஒன்று, ஆசிரியையும் ஒருவரே. ஆதலின் இரண்டையும் வைத்துக் கொள்வோம் என்று சொல்லி எளிதாகத் தப்பிக்கவும் வழியில்லை.

இனிச் சாட்சிக்கு வருவோம்.

தில்லியில் 1990-ஆம் ஆண்டு 'இண்டியன் ஓஷன்' என்ற பெயரில் ஓர் இசைக்குழு தோன்றியது. கிதார் வாசிக்கும் சுஷ்மித் சென், தபலா வாசித்துக் கொண்டே பாடவும் வல்ல அசீம் சக்கரவர்த்தி ஆகிய இருவரும் அதன் வித்து. அடுத்த ஆண்டில் ராகுல் ராம் என்பவர் பாஸ் கிதாருடன் வந்து சேர்ந்தார். இவர் தில்லிப் பல்கலைக்கழகத்தின் புகழ் பெற்ற தாவரவியற் பேராசிரியர் எச். ஒய். மோகன் ராமின் மைந்தர். அமெரிக்காவிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். அவ்வளவு படித்தும் கிதாரையா தூக்கினார் என்று நம் வீட்டுப் பெரியோர் கேட்பது காதில் விழுகிறது! 1994-இல் டிரம் வாசிக்கும் அமித் கிலம் சேர்ந்ததும் நால்வர் அணி நிறைவெய்தியது. கரோல்பாகில் கஜூர் சாலையில் ஒரு பழைய வீட்டில் பல ஆண்டுகள் பயிற்சி செய்தார்கள். கரோல்பாக் என்றால் தில்லித் தமிழர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. நம்மவர் ஒரு தலைமுறைக்குக் குடியிருந்து இட்லி மாவு அரைத்த பேட்டை அது. அந்த வீட்டின் எண்ணும் தெருவுமே பின்னர் 2010-இல் வந்த அவர்களது தொகுப்பொன்றுக்குப் பெயராயிற்று.

ராக் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாடல்களினின்றும் கிளைத்து, 1950-களில் உருப்பெற்ற இசை. அதனுள்ளும், சந்தை வகுத்துக் கொடுத்த வழியே செல்லாமல் தம் மனப்போக்கின்படி பாடுவோரை 'மாற்று ராக்' என்று 1980-களிலிருந்து வழங்கலாயினர். இண்டியன் ஓஷனை அந்த வகையில் வைப்பதா, கலப்பிசை என்பதா என்று அறிந்தோர் வாதிடுகின்றனர். வகுப்பதில் நமக்கு அக்கறை இல்லை. சந்தையின் வழியே அவர்கள் செல்லவில்லை என்பது மட்டும் உறுதி; சந்தையும் அவர்களை அழைக்கவில்லை. முதல் தொகுப்பு 1993-இல் வெளிவந்தது. அதன் பின் நெடுங்காலம் எந்தக் கம்பெனியும் கதவு திறக்கவில்லை. 1997-இல் வந்த இரண்டாவது தொகுப்பு ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்ததன்று. மேடைக் கச்சேரியில் பிடித்த ஒலிப்பதிவையே தொகுப்பாக்கி வெளியிட்டார்கள்.

இந்நிலையில் 2000-ஆம் ஆண்டில் டைம்ஸ் மியூசிக் கம்பெனியாரால் வெளியிடப்பட்டதே 'கந்தீசா' என்னும் தொகுப்பு. ஏழே பாடல்கள். அக்காலத்தில் கடைகளில் விற்பனையானவை சினிமாப் பாடல்களும், ஆட்டத்துக்கு ஏற்ற இந்தி 'பாப்' பாடல்களுமே. அவற்றின் நடுவே இத்தொகுப்பில் நாயகன் இல்லை, நாயகி இல்லை, காதலும் இல்லை. பாடல்களோ நீளமானவை, வானொலிக்காரர் இரண்டு விளம்பரங்களின் இடையே சொருகுவதற்கு இணங்காதவை. அத்தகைய தொகுப்பு கல்லூரி விடுதிகளில் கைமாறிக் கைமாறிப் பரவியது. நால்வரும் வேறு தொழிலை நாடாமல் இசையையே நம்பி வாழலாம் என்ற நிலை அதன் பின்னரே உறுதிப்பட்டது.

அதில் உள்ளவை என்ன என்று பார்த்தால் வியப்பு மிகும். ஒன்று, நர்மதைப் பள்ளத்தாக்கு மக்கள் தங்கள் ஆற்றைத் தாயென்று அழைத்துப் பாடும் நாட்டுப்பாடல். ரேவா என்பது நர்மதையின் மற்றொரு பெயர். ராகுல் ராம் 1990-களின் தொடக்கத்தில் நர்மதைக் காப்பு இயக்கத்தாருடன் அப்பள்ளத்தாக்கில் திரிந்தவர். பாடலை அங்கேயே கற்றார். நம் மகாராஷ்டிரத்திலும் சர்தார் சரோவர் அணையினால் பாதிக்கப்பட்ட சிற்றூர்கள் 33 உண்டு. அவை இன்றைய நந்துர்பார் மாவட்டத்தைச் சேர்ந்தவை. மணிபேலி என்னும் ஊர் அவற்றுள் முதலில் நீரைக் கண்டது. இத்தொகுப்பு வெளிவந்த அதே 2000-ஆம் ஆண்டில், அக்டோபர் 18-ஆம் நாள், அணையைத் தொடர்ந்து கட்டலாம் என்று உச்சநீதி மன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில், 138.68 மீட்டர் உயரத்துக்கு நிறைவுற்ற அணை நாட்டுக்கு உரிமையாக்கப்பட்டது. அப்பாடலில் கண்டனம் ஒரு சொல் இல்லை. ஆற்றை வாழ்த்துவது தவிர வேறொன்றும் இல்லை. அதனாலேயே, மேற்சொன்ன செய்திகளை அறிந்து கேட்பவர்க்கு அது நெஞ்சைப் பிசைகிறது.

மற்றொன்று, 1989-இல் மறைந்த கோரக் பாண்டே என்னும் கவிஞர் உழவர் எழுச்சியைப் பற்றி எழுதிய போஜ்புரிப் பாட்டு. நகரத்து இளைஞர் அதனைக் கேட்டுக் குதிக்கின்றனர். அது நிலமில்லாதவன் பாட்டு என்பதை எத்தனை பேர் எண்ணிக் குதித்தனரோ? 'வீட்டை விட்டு' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடைய ஓர் உருப்படியும் உண்டு. அதன் பெயரையே வைத்துக் குழுவினரைப் பற்றி ஜய்தீப் வர்மா என்பார் ஒரு செய்திப் படம் எடுத்து 2010-இல் வெளியிட்டார். அமித் கிலம் டிரம்மோடு நில்லாமல், வங்கத்துப் பாவுல் பாடகர் கையிலுள்ள 'கப்குபி' என்ற ஒற்றை நரம்புக் கருவியையும் ஏந்துவார். ஒரு பானையின் வாயில் தோல் கட்டி, அதில் நரம்பு கோத்து இழுத்து மீட்டுவது போன்ற ஒலி அதற்கு. குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

ஏனைய பாடல்களை விட்டுத் தலைப்புப் பாடலுக்கு வருகிறோம். நம் வழக்குக்கு வேண்டுவதும் அதுவே.

'கந்தீசா' இந்தியன்று, வடமொழியன்று, ஆங்கிலமும் அன்று. அது சிரியாக் மொழி. இயேசுநாதர் பேசியதாகக் கூறப்படும் அரமேய மொழியின் ஒரு கிளை. கேரளத்தில் தோமையார் வழிக் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாகத் தம் கோயில்களில் ஓதி வந்த வழிபாட்டு வாழ்த்து அது. இறைவனைப் பரிசுத்தன் என்றும், பரிசுத்த வல்லமையன் என்றும், பரிசுத்த மரணமிலி என்றும் மும்முறை போற்றிக் கருணை வேண்டுவது. கிழக்குத் திருச்சபைகள் பலவற்றிலும் தத்தம் மொழிகளில் இவ்வாழ்த்து உண்டு. தில்லிக் குழுவினர் அதனைத் தாழ்ந்த குரலில் மெல்லத் தொடங்கி, கிதார் ஒரு நூல் நூற்பது போல் உடன் வர, படிப்படியாக ஓங்கி, இறுதியில் டிரம்மும் தபலாவும் சேர்ந்து கடலலை போல் எழும்படி அமைத்திருக்கின்றனர். பாடினவர்களில் எவருக்கும் சிரியாக் தாய்மொழியன்று. கேட்டவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கும் அதன் பொருள் தெரிந்திராது. எனினும் திறந்தவெளி அரங்குகளில் கூட்டத்தினர் ஒரு குரலாய்த் திருப்பிப் பாடிய பாட்டு இதுவே. குழுவின் பெயரைச் சொன்னால் பலருக்கு முதலில் நினைவு வருவதும் இதுவே.

இங்கே சிறிது நின்று அப்பாட்டு வந்த வழியைப் பார்ப்போம். நம்மைப் போலவே அதுவும் குடிபெயர்ந்து வந்தது. பாரசீக வளைகுடாவிலிருந்து வணிகர் மரக்கலங்களில் ஏறிக் கொல்லத்துக்கு வந்தது. கி. பி. 849-இல் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேடுகள் இன்றும் இருக்கின்றன. வட்டெழுத்தில், நம் பழந்தமிழுக்கு மிக நெருங்கிய நடையில் எழுதப்பட்டவை. தமிழறிந்தவர் ஒருவர் கொஞ்சம் முயன்றால் பொருள் ஓரளவு விளங்கும். சாட்சிக் கையெழுத்துகளோ அரபியிலும், பாஹ்லவியிலும், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் உள்ளன! சென்னைப் பரங்கிமலையில் 1547-இல் போர்த்துகீசியர் கண்டெடுத்த கற்சிலுவையிலும் பாஹ்லவி எழுத்தே பொறித்திருக்கிறது. அம்மொழிகளைப் பேசிய வணிகரின் வழித்தோன்றல்கள் இரண்டொரு தலைமுறையிலேயே நாட்டு மொழிக்கு மாறியிருப்பர். வீட்டில், வயலில், சந்தையில் பேசியது மலைநாட்டு மொழி. கோயிலில் மட்டும் சிரியாக். பாடினவர்களில் பெரும்பாலோர் பொருளறிந்து பாடவில்லை. பாட்டனார் பாடினார், பேரன் பாடினான். 1599-இல் உதயம்பேரூரில் கூடிய சங்கத்தில் போர்த்துகீசியர் பழைய சிரியாக் ஏடுகள் பலவற்றை அழிக்கும்படி கட்டளையிட்டனர். ஏடு எரிந்தது, நாவிலிருந்த பாட்டை எரிக்க இயலவில்லை.

ஒலி மாறாமலும் இருக்கவில்லை. சிரியாக்கில் 'பரிசுத்தம்' என்பதற்குரிய சொல் 'கத்தீஷா' என்று ஒலிக்கும். மலையாளத்து நாவில் அது 'கந்தீஷா' என்று மூக்கொலி பெற்றது. அம்மூக்கொலியோடுதான் அது தில்லிக்குப் போய், 'கந்தீசா' என்று இசைத்தட்டின் மேலட்டையில் ஏறிற்று. நம் பிள்ளைகள் 'ழ'கரத்தை 'ள'கரமாக உச்சரிக்கும் போதெல்லாம் கூட்டத்தில் நெளியும் பெற்றோருக்கு இதனை எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

இனி எதிர்க்கட்சியின் வலிமையான வாதத்தையும் மறைத்தல் கூடாது. 1941-இல் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மாநாட்டின் கருத்து யாது? தமிழ் மக்கள் கூடிய அவையில், அவர்களுக்குப் புரியாத தெலுங்கும் வடமொழியுமே பாடப்படுகின்றன. பொருள் விளங்கினால் அன்றோ பாவம் விளங்கும். ஆகவே தமிழிற் பாடுக என்பதே. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பொருளும் முயற்சியும் தந்தார். கல்கி தம் எழுதுகோலால் வாதாடினார். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. அப்போராட்டம் இல்லையேல் இன்று தமிழ்ப் பாடல்கள் மேடையில் 'துக்கடா' என்ற மூலையிலேயே கிடந்திருக்கும். 'பொருள் தெரிய வேண்டும் என்று கேட்டு வென்ற இனத்தார், இப்போது தம் குழந்தைகளுக்குத் தமிழையே பொருள் தெரியாத பாட்டாகக் கற்பிப்பதா?' என்று ஓர் அன்பர் நம்மிடம் வினவினார். கூர்மையான கேள்வி, இலேசாகத் தள்ளிவிட முடியாது.

கேரளத்திலும் இதே கேள்வி எழுந்தது. சீரோ மலபார் திருச்சபையினர் 1962-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் முதல் சிரியாக்கை விட்டு மலையாளத்தில் வழிபடலாயினர். மக்களுக்குப் பொருள் விளங்கிற்று. அது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயின் பழைய சிரியாக் மெட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாய் மறையத் தொடங்கின. முதியவர் ஒருவர் மறைந்தால் அவரோடு சில பாடல்களும் மறைந்தன. ஜோசப் பாலக்கல் என்னும் பாதிரியார் எஞ்சியவற்றை ஊர் ஊராகத் தேடி ஒலிப்பதிவு செய்து காத்து வருகிறார். தேவாலயத்தில் அருகிப் போன அந்த வாழ்த்து தில்லி இளைஞர்களின் கிதாரில் ஏறிக் கொண்டது ஒரு விந்தையே. ஆனால் கிதாரில் ஏறியபின் அது வழிபாடா, வெறும் இன்னொலியா? இதற்கு நம்மால் துணிந்து விடை கூற இயலவில்லை. அதனை மனமுருகக் கேட்டோரும் உண்டு, புரியாத மந்திரம் என்பதனாலேயே மயங்கியோரும் உண்டு. பின்னதை நாம் அவ்வளவாக மெச்சவில்லை. அயல் மொழி என்றால் ஆழம் என்று கொள்வது ஒரு பழைய பேதைமை.

வேறொரு கண்ணாடியிலும் இதைப் பார்க்கலாம். நம்மூர்ப் பஜனை மடங்களில் துக்காராம் மகராஜும் நாமதேவரும் பாடிய மராத்தி அபங்கங்களை நம் பாட்டனார் காலத்திலிருந்தே பாடி வருகின்றனர். வெங்கோஜி 1676-ஐ ஒட்டித் தஞ்சையில் போன்சலே ஆட்சியை நிறுவியதிலிருந்து வந்த உறவு அது. பெரிய கோயிற் சுவரிலேயே 1803-இல் பொறித்த நீண்ட மராத்திச் சாசனம் இருக்கிறதே! கும்பகோணத்திலும் மாயவரத்திலும் அபங்கம் பாடும் பெரியவர்களுக்கு மராத்தி தெரியாது. தமிழெழுத்தில் அச்சிட்ட புத்தகம். வல்லெழுத்துக்கு மேல் 2, 3, 4 என்று எண் இட்டு ஒலி வேறுபாடு காட்டியிருக்கும். பொருள் தெரியாமல் பாடி அவர்கள் அழவும் செய்வார்கள். இன்றோ, அந்தத் துக்காராம் வாழ்ந்த தேஹுவும், ஞானேசுவரர் சமாதியுற்ற ஆளந்தியும் நம் ஔந்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. ஆஷாட மாதத்துப் பால்கியைக் கண்டு நம் பிள்ளைகள் அபங்கத்தைப் பொருளறிந்து பாடுகின்றனர். அப்பர் பாட்டைத்தான் பொருளறியாது பாடுகின்றனர். தஞ்சைப் பாட்டனார் எண் போட்ட தமிழெழுத்தில் மராத்தி படித்தார். ஔந்துப் பேத்தி தேவநாகரியில் தமிழ் படிக்கிறாள். (குடிபெயர்ச்சி என்பது மனிதருக்கு மட்டும் உரியதன்று. நம் ஔந்தின் ஸ்பைசர் கல்லூரி 1915-இல் கோயம்புத்தூரில் தொடங்கி, பெங்களூர் வழியாக இங்கு வந்து சேர்ந்தது. நம்மில் பலருக்கு முன்பே ஔந்துவாசியான கோவைக்காரர் அது!)

தேவநாகரியில் எழுதுவதிலும் இடர் உண்டு. தமிழில் ஒரே ககரம். இடத்துக்கேற்ப ஒலி மாறும். நாகரியில் நான்கு. எதை எழுதுவது என்று பிள்ளை தானே முடிவு செய்ய வேண்டும். காது சரியாகக் கேட்டிருந்தால் ஒழிய எழுத்துத் தவறும். மராத்தியில் 'ள' உண்டு. அது நம் பேறு, இந்திப் பள்ளிகளுக்கு அதுவும் இல்லை. 'ழ'வும் 'ற'வும் இல்லை. ஆதலின் எழுதிக் கொண்டு படிக்கும் பிள்ளையை விட, தாளின்றி ஆசிரியையின் வாயைப் பார்த்துக் கற்கும் பிள்ளையின் உச்சரிப்பே மேலாக இருப்பதை நாம் வகுப்பில் கவனித்திருக்கிறோம். சிரியாக் பாட்டு அத்தனை நூற்றாண்டு நின்றதும் வாய் வழியேதான்.

பொருளைப் பற்றியும் ஒரு சிறு நிகழ்ச்சி. அப்பர் பெருமானைச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டபோது அவர் பாடியதாகச் சொல்லும் பதிகத்தை வகுப்பில் கற்பித்தார்கள். வீணையும் மதியமும் தென்றலும் பொய்கையும் அதில் வரும். அங்கே 'மாலை' என்ற சொல் அந்திப் பொழுதைக் குறிக்கும். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, அதனைக் கழுத்தில் அணியும் மாலை என்றே கொண்டிருந்தாள். மராத்தியில் 'மாளா' அதுதானே! 'நிலாவுக்கு யார் மாலை போட்டது?' என்று ஆசிரியையைக் கேட்டாள். வகுப்பில் எல்லோரும் சிரித்தனர். ஆனால் அன்று முதல் அந்தப் பிள்ளைகள் அனைவருக்கும் 'மாலை' என்பதற்கு இரண்டு பொருள் உண்டென்று தெரியும். எழுத்து வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? பாட்டு முதலில் நாவில் இருந்ததனாலன்றோ கேள்வி பிறந்தது!

எனவே நம் தீர்ப்பு, அதற்கு மதிப்பு எவ்வளவாயினும் ஆகுக, இதுதான். பாட்டு வகுப்பை நிறுத்தலாகாது. எழுத்து வகுப்பு வேண்டும் என்பவர்களுடன் நமக்குப் பகையில்லை. ஆயின் எழுத்தைப் பதினாறு வயதிலும் கற்கலாம், நாற்பதிலும் கற்கலாம். நாவு ழகரத்துக்கு வளையும் பருவம் கடந்து போனால் எளிதில் மீளாது. அதே வேளையில், பொருள் தானே பிறகு வரும் என்று சும்மா இருப்பதையும் ஏற்கோம். கேரளத்தில் பொருள் தானே வரவில்லை. ஒரு நாள் திருச்சபை மொழியையே மாற்ற நேர்ந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பத்து நிமிடம் அதன் பொருளைப் பிள்ளைக்கு விளங்கும் மொழியில் சொல்லட்டும். மராத்தியோ, இந்தியோ, ஆங்கிலமோ எதுவாயினும் சரி. தமிழ்ப் பாட்டின் பொருளை மராத்தியில் சொல்வது தமிழுக்கு இழுக்கு என்று எண்ணும் அன்பர்கள் இருந்தால், அவர்களுடன் தனியே வாதாட அணியமாயிருக்கிறோம். தாளை விலக்கி, வாய் பார்த்துக் கற்பிப்பதையும் ஆசிரியை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

நம் தமிழில் இத்தகைய புது இசைக்குழுக்கள் இல்லையா என்று இளைஞர் கேட்பர். உண்டு. சென்னையில் 2018-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு, கானாப் பாட்டையும் கிதாரையும் இணைத்துச் சாதிக் கொடுமையை எதிர்த்துப் பாடியது. அயோத்திதாசப் பண்டிதர் 'சாதியில்லாத் தமிழர்' என்ற கருத்திலிருந்து பெயர் எடுத்துக் கொண்டது. அதன் பாடல்களைப் பொருள் தெரியாமற் கேட்டவர் யாருமிலர். பொருள் நன்றாகத் தெரிந்ததனாலேயே சிலர் முகம் சுளித்தனர். அதனைத் தனியாக எழுதும் எண்ணம் இருக்கிறது. கேரளத்தில் 'அவியல்' என்ற பெயருடைய குழு 2008-இல் வெளியிட்ட மலையாள ராக் தொகுப்பையும் கேட்கலாம். பெயரே நமக்குச் சுவையானது.

இண்டியன் ஓஷனின் பிற்கதை சுருக்கமானது. அனுராக் கசியப்பின் 'பிளாக் ஃபிரைடே' படத்துக்கு இசையமைத்து மேலும் புகழ் பெற்றனர். அசீம் சக்கரவர்த்தி 2009-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் காலமானார். சுஷ்மித் சென் 2013-இல் விலகினார். தோற்றுவித்த இருவரும் இல்லாமலேயே குழு நடந்து வந்தது. 2014-இல் வந்த 'தண்டானு' என்னும் தொகுப்பில் நம்மவர்களான வயலின் குமரேஷும் கஞ்சிரா செல்வகணேஷும் உடன் வாசித்திருக்கின்றனர். அசீம் பாடிய இடங்களை வேறு குரல்கள் பாடின. கந்தீசா மேடையை விட்டு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்குமுன் அப்பாடலைப் பிள்ளைகளுக்கு ஒரு முறை ஒலிக்கச் செய்ய ஆசிரியை இசைந்திருக்கிறார். பெற்றோரும் வரலாம். இதனுடன் மற்றொரு வேண்டுகோள். தங்கள் வீட்டுப் பாட்டியோ, அத்தையோ பாடிய தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, நலங்குப் பாட்டு ஏதேனும் நினைவிலிருந்து, அதில் பொருள் விளங்காத சொற்கள் இருந்தால், விளங்கிய சொற்களோடு விளங்காதவற்றையும் அப்படியே எழுதி நமக்கு அனுப்புக. தமிழெழுத்தில் முடியாதவர்கள் தேவநாகரியிலோ ஆங்கில எழுத்திலோ எழுதலாம். ஊரின் பெயரை மட்டும் மறவாது குறிப்பிடுக. இராமநாதபுரத்துச் சொல்லைக் கன்னியாகுமரியில் தேடி நாம் அலையாமல் இருக்க அது உதவும்.